கோழியைக் கொடு

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் சமையலறையில் நொலீன் விட்ட சவாலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்துவிட்டேன் என்று மட்டும் நரெல் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கும் மெல்போர்னில் ஓர் அறை பார்த்துவிடுவாள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நொலீனுக்கு எழுபத்தாறு வயது. புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் ஊர் பிண்டரூக் பௌல்ஸ் சங்கத்தின் முதல் அணிக்குத் தலைவி. இந்தப் பருவத்தில் மூன்று முறை அவள் பந்தைத் தப்புச் சாய்வில் உருட்டிவிட்டாள். அம்மாவுக்கு மூளை மங்குகிறது என்று மகள் நரெல் முடிவுகட்டிவிட்டாள். மெல்போர்னில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே முதியோர் குடியிருப்பில் ஒரு வீடும் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். வாக்குவாதம் முற்றியபோது நொலீன் மேசையைத் தட்டி ஒரு வார்த்தை விட்டாள்.

"நாலாவது தடவை தப்பா உருட்டினேன்னா, வாயே திறக்காம உன் பின்னாடி வந்துடறேன். போதுமா?"

தப்புச் சாய்வு என்பது எங்கள் ஊரில் சின்னக் குற்றமில்லை. பௌல்ஸ் பந்து நேராகப் போகாது. அதன் ஒரு பக்கம் சின்ன வட்டம் போட்டிருக்கும், வேகம் குறையும்போது பந்து அந்தப் பக்கமாக வளையும். வட்டத்தை மாற்றிப் பிடித்து உருட்டிவிட்டால், ஜாக் என்கிற வெள்ளைக் குட்டிப் பந்தை நோக்கி வர வேண்டியது அடுத்தவன் தடத்துக்குள் போய் நிற்கும். அப்படி உருட்டியவர் கழுத்தில் மதுக்கூடத்து ஆணியில் தொங்கும் ரப்பர் கோழியை மாட்டுவோம். ஆட்டம் முடியும்வரை கழற்றக் கூடாது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதை ஓர் அமுக்கு அமுக்குவார்கள், அது கீச்சென்று கத்தும். வங்கி மேலாளரும் போட்டிருக்கிறார், பாதிரியாரும் போட்டிருக்கிறார்.

முதல் இரண்டு தடவை நொலீனும் போட்டுக்கொண்டாள், கூடவே சிரித்தாள். மூன்றாவது தடவை யாரும் கோழியை எடுத்து வரவில்லை. "பரவாயில்ல, நொலீன்" என்று அணியில் கூட ஆடும் மெர்வ் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தான். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

நரெலுக்கும் அவள் தம்பி டேரனுக்கும் தெரியாத ஒன்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நொலீன் பிறவியில் இடதுகைக்காரி. பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் மிஸ் பெட்டிகுரூ அவளுடைய இடது கையைத் தலை ரிப்பனால் நாற்காலியோடு கட்டிப்போட்டு வலது கையில் பென்சிலைத் திணித்தாள். அந்தக் கை அதோடு அடங்கிப் போயிற்று. போன குளிர்காலத்தில் நூலகத்துக்கு ஒரு பெண் வந்து மூளையைக் கூர்மையாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசினாள். பழகாத கையால் தினமும் சில வேலைகள் செய்து பாருங்கள் என்றாள். மற்றவர்கள் பிஸ்கட் எடுக்கப் போனார்கள். நொலீன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து பல் தேய்ப்பது, தேநீர் ஊற்றுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் இடது கையால்தான். ஒரு தேநீர்க் குடுவை உடைந்தது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியிலிருந்து டேரனுக்குப் போன் வந்தது. விடியற்காலையில் பின்புறப் புல்வெளியில் பந்து உருட்டுவதும் இடது கையால்தான். சிக்கலே அங்கேதான். வலது கையால் உருட்டும்போது சின்ன வட்டம் இடப்பக்கம் இருக்க வேண்டும். இடது கை என்றால் வலப்பக்கம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்றால் கண் குழம்பத்தானே செய்யும்?

பிள்ளைகளிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நொலீனைத் தெரிந்த எவரும் அதைக் கேட்க மாட்டார்கள். சொன்னால் நரெல் அதற்கு ஓர் அட்டவணை போடுவாள். தினமும் போன் செய்து "கை எப்படி இருக்கு" என்று விசாரிப்பாள், சபாஷ் என்பாள். மிஸ் பெட்டிகுரூவிடமிருந்து மீட்டெடுத்த கையை மகளிடம் ஒப்படைக்க நொலீனுக்கு மனமில்லை.

இன்று சனிக்கிழமை, அரையிறுதி ஆட்டம்.

காலையில் நொலீன் சமையலறைக்குள் வந்தபோது மேசை நிறைந்திருந்தது. ஒரு கிண்ணம் புளூபெர்ரிப் பழம், ஒரு பிடி வால்நட், ஒரு மீன் எண்ணெய் மாத்திரை. பக்கத்தில் நரெலின் போன், அதில் கலர் கலராகப் பறவைகள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பறவைகளைக் கண்டுபிடித்துத் தொட வேண்டுமாம். தொட்டால் மணி அடிக்குமாம். தினமும் பத்து நிமிடம் ஆடினால் நினைவு மங்காதாம்.

நொலீன் ஒரு வால்நட்டை வாயில் போட்டுக்கொண்டாள். அது அவளுக்குப் பிடிக்கும். பறவைகளைத் தள்ளி வைத்தாள். மூளைக்கு வேலை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு கன்செட்டாவோடு உட்கார்ந்து தன்னைப் போல இத்தாலியச் சீட்டு ஆடிப் பார்க்கட்டும் என்றாள். கன்செட்டா ஏமாற்றுகிறவள், இத்தாலிய மொழியிலேயே எண்ணுகிறவள். எதிரே இருப்பவருக்கும் அதே பாஷையில் எண்ணத் தெரியாவிட்டால் கதை முடிந்தது. கடைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டு போவதை நொலீன் எப்போதோ விட்டுவிட்டாள். பால் மறந்தால் தண்டனையாக மறுபடி நடக்க வேண்டியதுதான். அப்படி நடக்கும் வழியில் தெருநெடுக நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சமீபமாகப் பால் மறப்பதே இல்லை.

இதையெல்லாம் நரெல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. சின்னச் சின்னதா. நாமதான் சிரிச்சிட்டு விட்டுட்டோம்."

நொலீன் கணவன் லெஸ் போய் ஐந்து வருடமாகிறது. கடைசி வருடம் அவளைத் தன் அக்கா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். குளிப்பாட்டும்போது, அக்கா, என் பெண்டாட்டி எப்போது வருவாள் என்று கேட்பான்.

"உங்கப்பாவை நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றாள் நொலீன். "நீ போன்ல கேட்டே."

நரெல் முகம் வெளுத்துவிட்டது. அடிக்கக் கூடாத இடத்தில் அடித்துவிட்டோம் என்று நொலீனுக்குத் தெரிந்தது, வருத்தமாகவும் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வாசலில் டேரனின் வண்டிச் சத்தம் கேட்டது. ஊரிலேயே குழாய் வேலை பார்ப்பவன், அதிகம் பேசமாட்டான். பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். அம்மா பின்பக்கம் பார்ப்பதற்குள் தார்ப்பாயை அவசரமாக இழுத்து மூடினான்.

மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆற்றங்கரை மரங்களில் வெள்ளைக் கிளிகள் ஊரைக் கூட்டின. எதிரணி லேக் வாரிங் ஊர்க்காரர்கள், எல்லோரும் சிவப்புச் சட்டை. அவர்கள் தலைவர் ஆர்ச்சி எண்பதைத் தாண்டியவர், குனிந்தால் முழங்கால் சடசடவென்று முறியும் சத்தம் நமக்கே கேட்கும். நரெல் பந்தல் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். டேரன் வேலியில் சாய்ந்து நின்றான்.

நொலீன் நன்றாகவே ஆடினாள். ஒவ்வொரு தடவையும் குனிவதற்கு முன் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நரெலும் ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நீர் இடைவேளையில் யாரும் சாய்வைப் பற்றியே பேசவில்லை. வழக்கமாக அதை வைத்து ஓட்டாமல் இருக்க மாட்டார்கள். நொலீனுக்கு அது எரிச்சலாக இருந்தது.

கடைசிச் சுற்று. லேக் வாரிங் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. மற்றவர்கள் உருட்டி முடித்தாயிற்று, ஜாக்குக்கு மிக அருகில் சிவப்புச் சட்டைக்காரர்களின் பந்து, அதற்கடுத்து எங்கள் பந்து. ஆர்ச்சிக்கு ஒரு பந்தும் நொலீனுக்கு இரண்டு பந்தும் பாக்கி. எதிரணியின் பந்துகளைவிட ஜாக்குக்கு அருகில் நிற்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி; நொலீன் இரண்டு புள்ளி எடுத்தால் இறுதி ஆட்டம்.

அவள் பந்தை எடுத்தாள். மறுமுனையில் மெர்வ் கையை நீட்டித் தடம் காட்டினான். ஜாக் மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வட்டத்தைத் தடவிப் பார்க்காமல், விடியற்காலையில் பிடித்த மாதிரியே பிடித்து, வலது கையால் உருட்டினாள்.

கையை விட்டுப் போன மறுகணமே தெரிந்துவிட்டது. பந்து வெளிப்பக்கமாக வளைந்தது, வளைந்துகொண்டே போனது. அடுத்த தடத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் காலைத் தூக்கி அதற்கு வழி விட்டார். எல்லைப் பள்ளத்தில் அது விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"பரவாயில்ல, நொலீன்" என்றான் மெர்வ்.

பந்தலுக்குக் கீழே நரெல் எழுந்து நின்றுவிட்டாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த முகமில்லை அது, அழப்போகிற முகம்.

நொலீன் காத்திருந்தாள். யாராவது மதுக்கூடத்துப் பக்கம் போவார்களா என்று பார்த்தாள். மெர்வ் தன் ஷூவைப் பார்த்தான். சிவப்புச் சட்டைகள் வானத்தைப் பார்த்தன. அவள் துடைப்புத் துணியைத் தரையில் வைத்துவிட்டு, ஆட்டத்தின் நடுவில், புல்தரையை விட்டு இறங்கி நடந்தாள்.

மதுக்கூடத்தில் ஆணி இருந்தது, கோழி இல்லை. கோழி எங்கே என்று கேட்டதற்கு, டேரன் காலையிலேயே வந்து கழுவித் தருகிறேன் என்று எடுத்துப் போனதாகச் சொன்னார்கள். அந்தக் கோழியைச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் கழுவியதில்லை.

நொலீன் வேலிப் பக்கம் வந்தாள்.

"கோழியைக் கொடு."

"அம்மா, விடும்மா."

"எங்க வெச்சிருக்கே?"

"வண்டியில." டேரன் தலையைத் தூக்கவில்லை. "அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பாத்து சிரிப்பாங்க. என்னால அதைப் பாக்க முடியாது."

"சிரிக்கணும்டா. அவங்க சிரிக்காம நிக்கிறாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல." அவள் வேலியின் மேல் சாய்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "உங்கப்பா கடைசியா தப்பா உருட்டின அன்னைக்கு யாரும் கோழி கொண்டு வரல. எல்லாரும் நல்லவங்களா நின்னாங்க. நானும்தான் நின்னேன். அன்னைக்கே அவரைக் கணக்குல இருந்து எடுத்தாச்சு. என்னை எடுக்க விட மாட்டேன். போய்க் கொண்டு வா."

டேரன் வேலியை விட்டு நகர்ந்தான். பிறகு வண்டிக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினான்.

மஞ்சள் நிறம் மங்கி, ஒரு கால் பிய்ந்துபோன அந்தக் கோழியை நொலீன் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு புல்தரைக்குத் திரும்பினாள். நடுத் தடத்தில் நின்று, எல்லோரும் பார்க்க, அதை ஓர் அமுக்கு அமுக்கினாள். கீச்சென்றது.

முதலில் சிரித்தது ஆர்ச்சி கிழவர்தான். முன்பு பிண்டரூக்குக்கு ஆடிய காலத்தில் தன்னால் ஒரு வருடம் அந்தக் கோழிக்கு ஓய்வே இருந்ததில்லை என்றார். அப்புறம் மெர்வ் சிரித்தான், அப்புறம் அடுத்த தடம், அப்புறம் மொத்த மைதானமும். மெர்வ் அவ்வளவு தூரம் நடந்து வந்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுத் திரும்பிப் போனான். நொலீனுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆர்ச்சி தன் பந்தை உருட்டினார், அது நீளமாகப் போய்விட்டது. நொலீன் தன் கடைசிப் பந்தை எடுத்தாள். வலது கையில் எடுத்து, ஒரு கணம் யோசித்து, இடது கைக்கு மாற்றினாள்.

"நொலீன், என்ன பண்றே நீ?" என்று மெர்வ் மறுமுனையிலிருந்து கத்தினான்.

நொலீன் வட்டம் வலப்பக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். வலது காலை முன்வைத்துக் குனிந்தாள். மிஸ் பெட்டிகுரூவின் ரிப்பன் ஞாபகம் வந்தது, அதன் நீல நிறம்கூட. கை தானாகவே போயிற்று.

வேலியில் சாய்ந்திருந்த டேரன் நிமிர்ந்துவிட்டான். அவனும் இடதுகைக்காரன். அவனுக்குப் பள்ளியில் அதே தொந்தரவு வந்தபோது அம்மா நேராகப் போய்த் தலைமையாசிரியரின் மேசையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது உடைந்த தேநீர்க் குடுவையும், வங்கிக் கையெழுத்தும், கோழி மாட்டவைத்த தப்புச் சாய்வும் அவனுக்கு ஒரே நேரத்தில் விளங்கின.

பந்து அகலமாகப் போய் அழகாக வளைந்து உள்ளே வந்தது. எதிரணிப் பந்தை உரசிக்கொண்டு ஜாக்கின் அருகில் நின்றது. மெர்வ் மண்டியிட்டான். அளவு நாடாவை எடுத்தார்கள், இரண்டு தரம் அளந்தார்கள். லேக் வாரிங்கின் பந்து ஒரு விரல் அகலம் அருகில் இருந்தது.

பிண்டரூக் தோற்றது. இந்த வருட ஆட்டம் அதோடு முடிந்தது.

கைகுலுக்கல் எல்லாம் ஆனபின், தேநீர் மேசையில் நரெல் வந்து எதிரே உட்கார்ந்தாள். டேரன் இடது கை விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டிருந்தான், அவள் கண்கள் சிவந்திருந்தன. ஏன் மறைத்தாய் என்று கேட்டாள். நீ கேட்டதெல்லாம் என் மூளையைப் பற்றி, என் கையைப் பற்றி எப்போது கேட்டாய் என்றாள் நொலீன். இரண்டு பேருமாக ஒரு தட்டு கேக்கைத் தின்று தீர்த்தார்கள்.

"நாலாவது தடவைம்மா" என்றாள் நரெல் கடைசியில். "நீதானே வாக்குக் கொடுத்தே."

"கொடுத்தேன். வாய் திறக்காம வர்றேன்னு சொன்னேன், போன ஞாயித்துக்கிழமை, இந்த மாதிரி மேசையைத் தட்டி. நீ பச்சைச் சட்டை போட்டிருந்தே." நொலீன் தேநீரை இடது கையால் எடுத்துக் குடித்தாள். ஒரு சொட்டு சிந்தியது, அவள் துடைக்கவில்லை. "இப்ப வர மாட்டேன்னு சொல்றேன். மூளை கெட்டவ வாக்குக் கொடுத்ததையே மறந்துடுவா. நான் மறக்கல. மீறுறேன்."

நரெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நொலீனுக்கு என்னவோ ஆயிற்று. சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொன்னாள்.

"முதல் ரெண்டும், இன்னைக்கு உருட்டினதும் இந்தக் கை பண்ண கூத்து. மூணாவது அப்படியில்ல. அந்த வாரம் பூரா மழை, காலையில நான் பந்தையே தொடல. அது ஏன் தப்பாச்சுன்னு எனக்குத் தெரியல."

நரெல் கை மேசைமேல் நீண்டது. நொலீன் அதை விலக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு. ராத்திரி படுத்தா இருக்கு. அதனால்தான் செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீ இங்க வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன். அவர் என்கிட்ட கேள்வி கேக்கட்டும், பதிலையும் என்கிட்டயே சொல்லட்டும். நீ வேணும்னா வா, ஆனா வெளியில உக்காரு. என்ன முடிவா இருந்தாலும் என் வீட்டை விட்டு எப்ப போறதுன்னு நான்தான் சொல்வேன்."

அந்தக் குடியிருப்புக்கு வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடச் சொன்னாள் நொலீன். நரெல் தயங்கினாள். அவர்களிடம் இரண்டு நாள் தவணை கேட்கலாமே, செவ்வாய் கழியட்டுமே என்றாள்.

"நீ கூப்பிடலைன்னா நான் கூப்பிடறேன். நம்பர் எனக்கு மனப்பாடம். உன் போன்ல ஒரே ஒரு தடவை பாத்தேன்."

கழுத்தில் கோழியோடு, ஓர் எண்கூட விடாமல், நிறுத்தாமல், பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல முழு நம்பரையும் சொல்லி முடித்தாள் நொலீன். முடித்துவிட்டு மகளை நேராகப் பார்த்தாள்.

போன் நரெலின் கையில்தான் இருந்தது. சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அவள் திரையைப் பார்க்காமலே அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.